மேல்காட்டில் மட்டும் மரவள்ளி வெளுப்பது ஏன்?

கேள்வி: கொல்லிமலை அடிவாரத்தில், சேந்தமங்கலம் பக்கம் எனக்கு 3 ஏக்கர் செம்மண் காடு. சரிவான நிலம், மேலிருந்து கீழாக நீளம். பல வருஷமாக மரவள்ளிதான். புரட்டாசியில் குச்சி ஊன்றி, அடுத்த ஆடி, ஆவணியில் பிடுங்குகிறோம். ஏக்கருக்கு டிஏபி 2 மூட்டை, யூரியா 1 மூட்டை போடுகிறேன். கொஞ்ச காலமாக மேல்பக்கம் கொழுந்து வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறது. அடி இலை ஓரம் கருகுகிறது. கிழங்கு விரல் பருமன்தான். கீழ்ப்பக்கம் செடி கருகருவென்று இருந்தும் ஆலையில் மாவுச்சத்துப் பாயின்ட் விழுகிறது. வருஷா வருஷம் கல் வேறு மேலே வருகிறது. கடைக்காரர் நுண்ணூட்டக் கலவையும் ஹியூமிக் அமிலமும் விடச் சொல்கிறார். ஏரி வண்டல் 40 லோடு அடிக்கலாம் என்றும் ஒரு யோசனை. எதை முதலில் செய்வது?

பதில்: இரண்டையும் இந்த வருஷம் செய்ய வேண்டாம். நுண்ணூட்டம் என்று கடைக்காரர் குறையைச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார், அதை மறுக்கவில்லை. கொழுந்து வெளுத்து நரம்பு பச்சையாக நின்றால் இரும்புச்சத்துக் குறை. தேமல் நோயாக இருந்தால் இலை சுருங்கிக் கோணலாகும், மஞ்சள் திட்டுத் திட்டாக இருக்கும்; அது மேல்காடு கீழ்க்காடு பார்த்து வராது. ஆனால் அந்த இரும்புக்குறை ஏன் மேல்காட்டில் மட்டும் வந்தது என்று அவரும் கேட்கவில்லை, நீங்களும் கேட்கவில்லை.

மேல்காட்டில் முழங்கை ஆழம் ஒரு குழி போடுங்கள். வெள்ளை வெள்ளையாகச் சுக்கான் கட்டி தட்டுப்படும் என்றுதான் நினைக்கிறேன். ஒரு கட்டியின் மேல் எலுமிச்சைச் சாறு பிழிந்தால் நுரைக்கும், அது சுண்ணாம்பு. ஒரு காலத்தில் அதற்கு மேல் நல்ல செம்மண் இருந்தது. அது மழையோடு போய்விட்டது. இப்போது கலப்பை சுக்கானைக் கிளறி மேலே கொண்டுவருகிறது. சுண்ணாம்பு மண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. கல் மேலே வருவதாக எழுதியிருக்கிறீர்கள். கல் வரவில்லை, மண் இறங்கியிருக்கிறது. அந்த மண்ணில் ஒரு பங்குதான் உங்கள் கீழ்க்காட்டில் கருகருவென்று நிற்கிறது. அங்கே தழைச்சத்து கூடி, செடி இலையும் தண்டுமாக வளர்கிறது, மாவு கட்டுவதில்லை. ஆலைக்காரர் பாயின்ட் குறைக்காமல் என்ன செய்வார்? மீதி மண் ஏரியில். இப்போது லோடு கணக்கில் விலைக்கு வாங்கிவந்து அடிக்க நினைப்பதும் அதே மண்தான். அடித்தாலும் ஐப்பசி அடைமழை அதைத் திரும்ப ஏரிக்கே கொண்டுபோகும்.

ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் மண் கரைந்தால் 4 கன மீட்டர், எடையில் 5 டன்னுக்கு மேல். ஒரு மில்லிமீட்டர் போனது கண்ணுக்கே தெரியாது. 1983-ல் இந்தியா முழுமைக்கும் போட்ட சராசரி மதிப்பீடே எக்டேருக்கு ஆண்டுக்கு 16 டன், அதாவது ஏக்கருக்கு ஆறரை டன். சரிவில் மரவள்ளி வைத்த காட்டில் இதைவிடக் கூடத்தான் போகும். அதிலும் முதலில் கரைந்து போவது களியும் மக்கும், அதாவது உரத்தைப் பிடித்து வைத்திருக்கும் பகுதி. மணலும் கல்லும் தங்கிவிடும். நீங்கள் போட்ட டிஏபியில் ஒரு பங்கும் அந்தக் களியோடு ஒட்டிக்கொண்டுதான் போயிருக்கிறது.

மரவள்ளி இதற்கென்றே வாய்த்த பயிர். குச்சிக்குக் குச்சி இடைவெளி அதிகம். தழை கூடி நிலத்தை மூட மூன்று மாதம் ஆகிவிடும். பிடுங்கும்போது காடு முழுக்கத் தோண்டிப் புரட்டுகிறோம். அதன் பிறகு ரொட்டவேட்டர் விட்டு மாவாக அரைத்து, சரியாக வடகிழக்குப் பருவமழை இறங்கும் நேரத்துக்கு வெறும் மண்ணைத் திறந்து வைக்கிறீர்கள். பெரிய மழைத்துளி நொடிக்கு 9 மீட்டர் வேகத்தில் வந்து விழும். அந்த அடியில் புழுதி சிதறி, மேலே ஏடு கட்டி, தண்ணீர் உள்ளே இறங்காமல் ஓட ஆரம்பிக்கும். ஓடுவதற்கு வழியும் நீங்களே போட்டுத் தந்திருக்கிறீர்கள்: மேலிருந்து கீழாக நேராகப் போட்ட பார், அதாவது குச்சி ஊன்றும் மண்மேட்டு வரிசை.

இதைத்தான் நான் எல்லாருக்கும் சொல்லிச் சொல்லி அலுக்காமல் இருக்கிறேன். உரம் எது, ரகம் எது என்று ஊரே பேசுகிறது. உழவு எந்தத் திசை என்று கேட்க ஆளில்லை. டிராக்டர் ஓட்டுபவர் நீளவாக்கில்தான் ஓட்டுவார், திருப்பம் குறைவு. குறுக்கே ஓட்டச் சொன்னால் முகம் சுளிப்பார், வாடகையும் கொஞ்சம் கூடும். கூடட்டும். ரொட்டவேட்டரை நிறுத்திவிட்டு 5 கொத்துக் கலப்பை போதும். கட்டி இருந்தால் இருக்கட்டும், மரவள்ளிக் குச்சி அதில் முளைக்கும்.

குறுக்கே என்றால் கண் மட்டத்தில் அல்ல. கொத்தனார் வைத்திருக்கும், தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் ட்யூபை ஒரு நாள் இரவல் வாங்கி, சம மட்டக் கோட்டைக் குச்சி நட்டு அடையாளம் செய்யுங்கள். கோடு வளைந்து வளைந்துதான் போகும், நேராக்கப் பார்க்காதீர்கள். ஜேசிபி வைத்து நேர் வரப்பு போட்ட காடுகளில் தாழ்ந்த இடத்தில் தண்ணீர் சேர்ந்து, ஒரே மழையில் உடைத்துக்கொண்டு போகிறது. உங்கள் பாருக்கு 100 அடிக்கு 3, 4 அங்குலம் மட்டும் வாட்டம் கொடுத்து, ஓரத்தில் புல் வளர்ந்த வடிகாலில் சேர்த்துவிடுங்கள். தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகும்.

அந்தச் சம மட்டக் கோட்டில் வெட்டிவேர் வையுங்கள். அரை அடிக்குள் ஒரு தூர், நெருக்கமாக. 100 அடிக்கு 5 அடி இறங்கும் சரிவென்றால் 60 அடிக்கு ஒரு வரிசை போதும். அடர்ந்துவிட்டால் தண்ணீர் வடிந்து போகும், மண் பின்னால் தங்கும். நாளடைவில் அங்கே தானே ஒரு படி உருவாகும். கர்நாடகத்தில் குண்டுலுபேட்டைப் பக்கம் தலைமுறையாக வரப்பில் வைக்கிறார்கள். தழையை அறுத்துப் பாரில் மூடாக்குப் போடலாம். வேரை விற்றால் லட்சம் என்று யாராவது வந்தால் வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். எண்ணெய்க்கு வேர் எடுப்பதெல்லாம் கடலூர் மணலில் செய்ய வேண்டியது. சரிவில் வேரைத் தோண்டினால் வரிசை வைத்ததே வீண்.

குச்சி ஊன்றியதும் இடையில் உளுந்தோ தட்டைப்பயறோ விதைத்துவிடுங்கள். மரவள்ளி மூடும்வரை அது மண்ணை மூடும்.

இனி கேட்ட கேள்விக்கு. அடி இலை ஓரம் கருகுவது சாம்பல்சத்துக் குறை. டிஏபியிலும் யூரியாவிலும் அது துளியும் இல்லை. கிழங்கோ அதைத்தான் மூட்டை மூட்டையாக எடுத்துக்கொண்டு போகிறது. அதைத் தருவது பொட்டாஷ் உரம்: மானாவாரிக்கு ஏக்கருக்கு 80 கிலோ, இரண்டு தவணை. டிஏபியைப் பாதியாக்குங்கள், அதில் வரும் மணிச்சத்து மிஞ்சினால் துத்தநாகம் கிடைக்காமல் போகும். வெளுப்புக்கு 10 லிட்டர் தண்ணீரில் இரும்பு சல்பேட் 100 கிராம், துத்தநாக சல்பேட் 50 கிராம், 60-ஆம் நாளும் 90-ஆம் நாளும் மாலையில் தெளியுங்கள். இரும்பு சல்பேட் பச்சை நிறத்தில் இருக்க வேண்டும்; பழுப்பேறியதை வாங்காதீர்கள். கேனில் வரும் கலவையில் பாதி விலை லேபிளுக்கு. ஹியூமிக் தரும் மக்கு ஏக்கருக்குச் சில கிலோகூடத் தேறாது, மழை கொண்டுபோவதோ டன் கணக்கில் மண். அந்தப் பணத்துக்கு எரு வாங்குங்கள்.

மண் பரிசோதனைக்கு நாமக்கல் வேளாண் அறிவியல் நிலையத்தில் கொடுக்கும்போது மேல்காடு, கீழ்க்காடு என்று இரண்டு பையாகக் கொடுங்கள். கலந்து ஒரே பையாகக் கொடுத்தால் வருகிற அட்டை இரண்டு காட்டுக்கும் பொருந்தாது.