கேக்கோடு வந்த அட்டை பத்திரமா?

கேள்வி: எங்கள் 25-ஆவது திருமண நாளுக்காக உதய்ப்பூரில் ஓர் அரண்மனை ஹோட்டலில் இரண்டு இரவு தங்கினோம். பிச்சோலா ஏரி தெரிகிற 'லேக் வியூ' அறை, இரவுக்கு 58,000 ரூபாய், ஜிஎஸ்டி தனி. முழுப் பணமும் முன்கூட்டியே கட்டிவிட்டோம். அறைக்குப் போய்த் திரையை விலக்கினால் ஏசி அவுட்டோர் யூனிட்டுகள் வரிசையாக நிற்கின்றன! சண்டை போட்டதும், இரவு 10 மணிக்கு ஒரு சாக்லேட் கேக்கும், 'லேக் வியூ அறை தர முடியாததற்கு வருந்துகிறோம்' என்று மேனேஜர் கையெழுத்திட்ட அட்டையும் வந்தன. கிளம்பும்போது பார்த்தால் சாப்பாட்டு பில்லில் 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ், தண்ணீர் பாட்டில் 300 ரூபாய். 20 லட்சம் நஷ்டஈடு கேட்கலாமா? வழக்குக்கு ராஜஸ்தான் போக வேண்டுமா?
- வாசகர், மதுரை

பதில்: முதலில் அந்த அட்டை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கேக்கைச் சாப்பிட்டது தப்பில்லை, அட்டையைக் குப்பையில் போட்டிருந்தால்தான் வருத்தம். காசு வாங்கிய அறையைக் கொடுக்கவில்லை என்று எதிர்த்தரப்பே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவது தினமும் நடப்பதில்லை. அதோடு புக்கிங் உறுதி செய்த மின்னஞ்சல், பணம் கட்டிய ரசீது, சன்னலில் இருந்து எடுத்த படம் ஆகியவற்றையும் சேர்த்து வையுங்கள். அதே ஹோட்டலில் ஏரி தெரியாத சாதாரண அறைக்கு என்ன வாடகை என்பதையும் இப்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் நஷ்டத்தின் அளவுகோல் அந்த வித்தியாசம்தான். சாதாரண அறை 41,000 என்றால் இரண்டு இரவுக்கு 34,000, அதன் மேல் கட்டிய 18 சதவீத ஜிஎஸ்டி 6,120, ஆக 40,120 ரூபாய்.

ஹோட்டல் என்ன சொல்லும்? செக்-இன் செய்யும்போது நீங்கள் கையெழுத்துப் போட்ட பதிவு அட்டையில் 'அறை ஒதுக்கீடு இருப்பைப் பொறுத்தது' என்று பொடி எழுத்தில் இருக்கும், அதைக் காட்டும். தில்லி தாஜ் மகால் ஹோட்டலில் வேலே பார்க்கிங்கில், அதாவது நிறுத்தச் சொல்லி ஊழியரிடம் சாவியோடு, விட்ட ஒரு மாருதி ஜென் கார் 1998-இல் திருடு போனது. டோக்கனில் 'உரிமையாளர் பொறுப்பில்' என்று அச்சடித்திருந்தது. அதைக் காட்டித் தன் அலட்சியத்தில் இருந்து ஹோட்டல் தப்பிக்க முடியாது என்று 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது கார் விவகாரம், உங்களுக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் அச்சடித்த வாசகமே கடைசி வார்த்தை இல்லை என்று வாதிட நல்ல துணை. ஒன்று கவனம்: உங்கள் பதிவு அட்டையில் உள்ள நிபந்தனையை 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்று அறிவிக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். கேட்டால் வழக்கு மாநில நுகர்வோர் ஆணையத்துக்குப் போய்விடும். சேவைக் குறைபாடு, முறையற்ற வணிக நடைமுறை என்று எழுதினால் மாவட்ட ஆணையமே போதும்.

ராஜஸ்தான் போக வேண்டாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 34-ஆம் பிரிவின்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே, அதாவது மதுரை மாவட்ட ஆணையத்தில், புகார் கொடுக்கலாம். தங்கி வந்த நாளில் இருந்து இரண்டு வருடம் அவகாசம். நீங்கள் ஹோட்டலுக்குக் கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணமும் கிடையாது.

சர்வீஸ் சார்ஜ் சின்னத் தொகைதான், ஆனால் விடாதீர்கள். பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டு நெறி வெளியிட்டது. 2025 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றம் அதைச் சரி என்றது. உங்கள் பில்லை உற்றுப் பாருங்கள்: சாப்பாடு 9,600, சர்வீஸ் சார்ஜ் 960, பிறகு மொத்தத்துக்கும் சேர்த்து 18 சதவீத ஜிஎஸ்டி. கொடுக்கத் தேவையில்லாத பணத்துக்கு வரி வேறு, 172 ரூபாய் 80 காசு! இதை 1915 எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்திலும் பதியலாம்.

தண்ணீர் பாட்டிலை மட்டும் விட்டுவிடுங்கள். ஹோட்டலில் உட்கார வைத்துப் பரிமாறும்போது எம்ஆர்பிக்கு மேல் வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-இலேயே தீர்ப்பளித்துவிட்டது. அதையும் மனுவில் சேர்த்தால் மற்ற குறைகளின் கனமும் குறையும்.

அப்புறம் அந்த 20 லட்சம். தில்லி ஐந்து நட்சத்திர ஹோட்டல் ஒன்றின் சலூனில் முடியைத் தவறாக வெட்டியதற்குத் தேசிய ஆணையம் 2 கோடி கொடுத்தது. 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், குறைபாடு இருந்தது என்ற முடிவில் கை வைக்கவில்லை, தொகைக்கு ஆதாரம் எங்கே என்று கேட்டு ரத்து செய்து திருப்பி அனுப்பியது. திருமண நாள் கெட்டுப்போன வேதனை உண்மைதான், அதற்கும் கேளுங்கள். ஆனால் 40,120-ஐயும் சர்வீஸ் சார்ஜையும் முதலில் வைத்து, மன உளைச்சலுக்கு ஒரு லட்சம், செலவுத் தொகை தனி என்று கேட்டால் ஆணையம் காது கொடுக்கும்.

முதலில் ஹோட்டலுக்கும் அதை நடத்தும் நிறுவனத்தின் பதிவு அலுவலகத்துக்கும் 15 நாள் கெடு வைத்து நோட்டீஸ் அனுப்புங்கள். பெரும்பாலும் அடுத்த வாரமே ஒருவர் இனிக்க இனிக்கப் போனில் பேசி, ஒரு இரவு இலவசமாகத் தங்க வவுச்சர் தருவார். பிடித்திருந்தால் வாங்குங்கள், தப்பில்லை. சீசனில் செல்லாது என்று அடியில் இருக்கிறதா, கூடவே வரும் தாளில் 'முழுமையான இறுதித் தீர்வு' என்ற வரி இருக்கிறதா என்று உங்கள் வீட்டம்மாவையும் ஒருமுறை படிக்கச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.