வாத்தியார் யாரிடம் படித்தவர்? இசை, நடன, நாடகக் கல்லூரி ஆசிரியர்கள் பற்றிக் கேள்வி பதில்

கல்லூரிகளில் இசை, நடனம், நாடகம் சொல்லித்தருபவர்கள் யார், எங்கே படித்து வந்தவர்கள், எதைப் பார்த்து நம்பிப் பிள்ளையைச் சேர்ப்பது என்று மதுரையிலிருந்தும் சுற்று ஊர்களிலிருந்தும் நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். முப்பது வருஷத்துக்கு மேல் வயலின் சொல்லிக்கொடுத்தவள் நான். ஆசிரியர் தேர்வுக் குழுவிலும் சில தடவை உட்கார்ந்திருக்கிறேன். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

திருமங்கலத்திலிருந்து ஒரு தாயார்: டீச்சர், மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். பாட்டில் பி.ஏ. சேர்க்கலாம் என்று இருக்கிறோம். கல்லூரியின் ஆசிரியர் பட்டியலில் எல்லோருக்கும் எம்.ஏ., எம்.ஃபில்., பி.எச்டி., நெட் என்று போட்டிருக்கிறது. இதெல்லாம் இருந்தால் நன்றாகப் பாடுவார்கள் என்று அர்த்தமா?

இல்லைம்மா. உதவிப் பேராசிரியர் ஆவதற்குப் பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. 2018இல் வெளியிட்ட விதிகளில் ஒரு வழி, முதுகலையில் 55 சதவீத மதிப்பெண்ணோடு நெட் (தேசியத் தகுதித் தேர்வு) அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு) தேர்ச்சி. முறையாகப் பி.எச்டி. முடித்தவர்களுக்கு நெட்டிலிருந்து விலக்கு உண்டு. இந்த நெட் என்பது மூன்று மணி நேரத்தில் 150 கேள்விகள். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ராக லட்சணம், தாள வகை, வரலாறு எல்லாம் வரும். ஆனால் ஒரு ஸ்வரம்கூடப் பாடிக் காட்ட வேண்டியதில்லை.

அதற்காக நெட்டைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். கைக்குப் பழகியதை வாயால் விளக்கத் தெரியாத வித்வான்களிடம் தவித்த மாணவர்களை நான் பார்த்திருக்கிறேன். நீங்கள் பட்டங்களோடு நிறுத்தாமல் அடுத்த வரிகளையும் படியுங்கள். யாரிடம் படித்தார், எத்தனை வருஷம், வானொலியில் என்ன கிரேடு? வானொலியில் பி, பி-ஹை, ஏ, டாப் என்று படிகள் உண்டு. அது குரலையும் கையையும் காதால் கேட்டுக் கொடுப்பது. இந்த விவரங்கள் பட்டியலில் இல்லை என்றால் நேரில் போய்க் கேளுங்கள். உண்மையான கலைஞர் யாரும் ‘உங்கள் குரு யார்’ என்ற கேள்விக்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். முகம் மலர்ந்து அரை மணி நேரம் பேசுவார்.

மேலூரிலிருந்து ஒரு தம்பி: நான் நாதஸ்வரம் வாசிக்கிறேன். தபாலில் பி.ஏ. மட்டும் முடித்தேன். எங்களைப் போன்றவர்கள் கல்லூரி ஆசிரியராக முடியுமா?

முடியும் தம்பி. அதே யு.ஜி.சி. விதியில் இரண்டாவது வழி ஒன்று இருக்கிறது. பலருக்கு அது தெரியவே இல்லை. மரபுவழிக் கலைஞராகவோ தொழில்முறைக் கலைஞராகவோ இருந்து, இளங்கலைப் பட்டமும் வைத்திருப்பவருக்கான வழி அது. பெயர்பெற்ற குருவிடம் பயின்றிருக்க வேண்டும். வானொலியிலோ தூர்தர்ஷனிலோ ஏ கிரேடு வேண்டும். பாடத்தைக் காரணத்தோடு விளக்கவும், இலக்கணத்தை எடுத்துக்காட்டோடு சொல்லித்தரவும் தெரிந்திருக்க வேண்டும். முதுகலையும் நெட்டும் இந்த வழியில் கேட்பதில்லை.

ஒரு தேர்வில் நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். உன்னைப் போலவே ஒரு நாதஸ்வரக்காரர் வந்திருந்தார். ஆரபி, தேவகாந்தாரி என்ற இரண்டு ராகங்களுக்கும் ஆரோகணம், அவரோகணம், அதாவது ஸ்வரங்கள் ஏறி இறங்கும் வரிசை, ஒன்றுதானே, அப்புறம் எதை வைத்துப் பிரிக்கிறீர்கள் என்று கேட்டோம். வாய் திறந்தார், வார்த்தை வரவில்லை. குழுவில் ஒருவர் தாளில் ஏதோ குறித்துக்கொண்டார். வந்தவர் வாத்தியத்தில் தொங்கிய கொத்திலிருந்து ஊதுவதற்கான ஒரு சீவாளியை எடுத்து, நாக்கில் வைத்து நனைத்து, ஊசியால் ஒரு தடவை திருத்தி மாட்டினார். முதலில் ரிஷபம் என்ற ஸ்வரத்தை அசைக்காமல் பிடித்துச் சட்டென்று மேலே போனார். அது ஆரபி. அப்புறம் அதே ரிஷபத்தை நிதானமாக ஆட்டி, காந்தாரத்திலிருந்து இழுத்துக் கொண்டுவந்து இறக்கினார். தேவகாந்தாரி வந்து உட்கார்ந்துவிட்டது. வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு, “அது ஓடும்மா, இது நடக்கும்” என்றார். நான் முழு மதிப்பெண் போட்டேன்.

ஆனால் எல்லாக் குழுவிலும் அப்படிக் காது கொடுத்துக் கேட்பார்கள் என்று நம்பிப் போய்விடாதே. ஏ கிரேடுக்கு இப்போதே உழை. தினம் ஒரு ராகத்தை வாசித்து முடித்ததும், ஏன் அப்படி வாசித்தாய் என்று யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லிப் பழகு. உன் வீட்டுச் சின்னப் பிள்ளையிடம் சொன்னாலும் சரி.

பாலமேட்டிலிருந்து ஒருவர்: எங்க அப்பா நாற்பது வருஷமாகப் பறை அடிக்கிறார். பள்ளிக்கூடம் போனதே இல்லை. அவர் வித்தை பல்கலைக்கழகத்துக்குள் போக வழி இருக்கிறதா, அம்மா?

இந்தக் கேள்வியைப் படித்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. 2022இல் யு.ஜி.சி. ‘நடைமுறைப் பேராசிரியர்’ என்று ஒரு பதவியைக் கொண்டுவந்தது. துறையில் 15 வருஷ அனுபவமும் தேர்ச்சியும் இருந்தால் பட்டம் தேவையில்லை. அனுமதிக்கப்பட்ட ஆசிரியர் பணியிடங்களில் பத்து சதவீதம் வரை இப்படி எடுத்துக்கொள்ளலாம். மூன்று வருஷம், மிஞ்சினால் நான்கு வருஷம். நிரந்தர வேலை இல்லை. அந்தக் குறையை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அப்பாவுக்கு நீங்கள் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. எந்தக் காலத்தில் எங்கே அடித்தார், யாரிடம் பழகினார், அவரிடம் பழகியவர்கள் யார் யார் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். சாவு அடி, சாமி அடி என்று அவர் பிரித்துச் சொல்வதை எல்லாம் அவர் வாயாலேயே பேசவைத்து, அடித்துக் காட்டவைத்துப் பதிவு செய்யுங்கள். தீயில் தோலைக் காய்ச்சுவதிலிருந்து ஆரம்பியுங்கள். எவ்வளவு சூட்டில் எடுக்க வேண்டும் என்பது அவர் விரலுக்குத் தெரியும், புத்தகத்தில் இருக்காது.

உங்களுக்குப் பக்கத்து ஊரான அலங்காநல்லூரின் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். இளையான்குடிப் பக்கத்திலிருந்து போன கே.ஏ. குணசேகரன் நாட்டுப்புறப் பாடகர். ஒடுக்கப்பட்ட மக்களின் பாட்டையும் வலியையும் மேடையேற்றிய அவர், புதுவைப் பல்கலைக்கழகத்தின் சங்கரதாஸ் சுவாமிகள் நிகழ்கலைப் பள்ளிக்குத் தலைவராக இருந்தார். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலேயே நாட்டார் வழக்காற்றியல் துறை இருக்கிறது. அப்பாவை அழைத்துக்கொண்டு ஒரு நாள் அங்கே போய்ப் பேசுங்கள்.

சிம்மக்கல்லிலிருந்து ஒரு பெரியவர்: பட்டமே இல்லாத வித்வான்கள்தானே அந்தக் காலத்தில் கல்லூரிக்கு முதல்வராக இருந்தார்கள்?

ஆமாம் ஐயா. நம் ஊர்க் கதையே அதுதான். ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் மதுரையில் ஒரு இசைப் பள்ளி வைத்திருந்தார். பாடகர் மதுரை மணி ஐயர் அங்கே படித்தவர். அதே பாகவதர்தான் 1939இல் திருவனந்தபுரத்தில் ஆரம்பித்த சுவாதித் திருநாள் இசைக் கழகத்துக்கு முதல் தலைவராகப் போனார். அவருக்குப் பின் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் செம்மங்குடி சீனிவாச ஐயர். சென்னையில் 1949இல் அரசு இசைக் கல்லூரி தொடங்கியபோது முசிறி சுப்பிரமணிய ஐயர் முதல்வர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் டைகர் வரதாச்சாரியாரும் தண்டபாணி தேசிகரும் இருந்தார்கள். எல்லோரும் மேடையில் கச்சேரி செய்துகொண்டே வகுப்பும் எடுத்தவர்கள்.

பாகவதரிடம் படித்தவர் ராமநாதபுரம் சங்கரசிவம். சங்கரசிவத்திடம் படித்தவர் பாடகர் டி.என். சேஷகோபாலன். இந்தச் சங்கிலியைத்தான் பாடாந்தரம் என்கிறோம். கல்லூரி இணையப் பக்கத்தில் ‘பணி அனுபவம்’ என்ற கட்டத்துக்கு மேலே ‘பாடாந்தரம்’ என்று ஒரு கட்டம் போட்டால் என்ன என்று பல கூட்டங்களில் கேட்டிருக்கிறேன். இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

திருநகரிலிருந்து ஒரு அக்கா: பரதநாட்டிய ஆசிரியரிடம் என்ன பார்க்க வேண்டும்?

நட்டுவாங்கம் வருமா என்று பாருங்கள். தட்டுக்கழியைக் கையில் எடுத்து, ஜதி சொல்லிக்கொண்டே பிள்ளையின் காலைக் கவனிக்கிறவரா, இல்லை ஸ்பீக்கரில் பாட்டைப் போட்டுவிட்டு முன்னால் நின்று ஆடுகிறவரா? 1936இல் தொடங்கிய கலாக்ஷேத்ராவிலும் ஆரம்ப காலத்தில் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, சொக்கலிங்கம் பிள்ளை, முத்துக்குமாரப் பிள்ளை என்று நட்டுவனார்களை வரவழைத்துத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். ஆசிரியரிடம் முதுகலைப் பட்டம் இருந்தால் அதை எங்கே, எத்தனை மணி நேரப் பயிற்சியோடு வாங்கினார் என்றும் கேட்கலாம். தொலைநிலையில் கோட்பாடு படிக்கலாம், முழங்காலை மடக்கி நிற்கும் அரைமண்டி படிக்க முடியாது.

தேனியிலிருந்து ஒரு மாணவர்: நாடகத் துறை ஆசிரியர்கள் எங்கிருந்து வருகிறார்கள், மேடம்?

இசையை விட இங்கே வழிகள் பலவாறு பிரியும். புதுவை நாடகப் பள்ளியின் முதல் இயக்குநர் இந்திரா பார்த்தசாரதி எழுத்தாளர். டெல்லிப் பல்கலைக்கழகத்திலும் போலந்தின் வார்சா பல்கலைக்கழகத்திலும் பாடம் நடத்தியவர். காந்திகிராமத்தில் ஆசிரியராக இருந்த சே. இராமானுஜம், 1977இல் அங்கே நடத்திய நாடகப் பட்டறையால் ஒரு தலைமுறையையே உருவாக்கிவிட்டுப் பின்னால் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அதே தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் நாடகம் சொல்லித்தந்த மு. இராமசாமி, மதுரையில் நிஜ நாடக இயக்கம் நடத்தியவர்; தோல்பாவை நிழற்கூத்தை ஆராய்ந்தவர். ஒருவர் பேனாவோடு வந்தார், ஒருவர் பட்டறையோடு வந்தார், ஒருவர் ஆய்வோடு வந்தார்.

இதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் பாலர் நாடகக் குழு நடத்தினார். பாட்டு, வசனம், தாளம், நடை எல்லாம் கற்றுக்கொடுத்த முழுநேரப் பள்ளி அது. அந்த மரபில் இன்றைக்கும் திருவிழாவில் விடிய விடிய வள்ளி திருமணம் ஆடுகிற ராஜபார்ட்டுகளும், ஆர்மோனியம் வாசிக்கிற பின்பாட்டுக்காரர்களும் நம் ஊரில் இருக்கிறார்கள். வகுப்பறைக்குள் அவர்களை நான் அபூர்வமாகத்தான் பார்த்தேன். நீ சேரும் துறையில் அவர்கள் வந்து போகிறார்களா என்று கேட்டுப் பார்.

நரிமேட்டிலிருந்து ஒரு தகப்பனார்: பையன் சர்ச்சில் பியானோ வாசிப்பவன். அமெரிக்காவில் இசைக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கிறான். அங்குள்ள ஆசிரியர் குறிப்புகள் எங்களுக்குப் புரியவில்லை.

டி.எம்.ஏ. என்பது வாசிப்பவர்களுக்கான முனைவர் பட்டம்; கச்சேரிகளும் வாசித்துக் காட்டி வாங்குவது. பி.எச்டி. பெரும்பாலும் இசையியல் ஆய்வுக்கு. நாடகம், நடனத்தில் எம்.எஃப்.ஏ. என்ற முதுகலைதான் உச்சப் பட்டமாக எடுத்துக்கொள்ளப்படும், பி.எச்டி. இல்லையே என்று நினைக்க வேண்டாம். ‘அட்ஜங்க்ட்’ என்றால் பாடத்துக்கு இவ்வளவு என்று சம்பளம் வாங்கும் பகுதிநேர ஆசிரியர். ஆனால் ஊரின் பெரிய ஆர்கெஸ்ட்ராவில் வாசிப்பவரும் அந்தப் பெயரில் இருக்கலாம். பிலடெல்ஃபியாவின் கர்ட்டிஸ் கல்லூரியில் அந்த ஊர் ஆர்கெஸ்ட்ராக்காரர்கள் வந்து சொல்லித்தருவது வழக்கம்.

முக்கியமான விஷயம், அங்கே மாணவர் ஒரு ஆசிரியரின் ‘ஸ்டூடியோ’வில் சேருவார். வாரா வாரம் தனி வகுப்பு அவரிடம்தான். அதனால் விண்ணப்பிக்கும் முன்பே அவருக்கு எழுதி, ஒரு முன்னோட்ட வகுப்பு கேட்கலாம். குறிப்பில் ‘இன்னாரிடம் பயின்றார்’ என்று நீளமாக வரும். அது நம் பாடாந்தரம்தான் சார், வேறொன்றுமில்லை. நம் பக்கத்து ராமநாதபுரம் ராகவன் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் மிருதங்கம் சொல்லித்தந்தபோது அவர் பெயருக்குப் பின்னாலும் அப்படித்தான் குரு பரம்பரை நின்றது.

உசிலம்பட்டியிலிருந்து: பெயருக்கு முன்னால் டாக்டர், கலைமாமணி, கலை வளர்மணி என்று போடுகிறார்களே?

கலைமாமணி தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம் தருவது. கலை வளர்மணி மாவட்டக் கலை மன்றம் 19 முதல் 35 வயதுக்காரர்களுக்குத் தருவது. டாக்டர் என்றால் பி.எச்டி.யா, கௌரவப் பட்டமா, கொடுத்தது எந்தப் பல்கலைக்கழகம் என்று மூன்றையும் கேளுங்கள். முத்தையா பாகவதருக்கும் கௌரவ முனைவர் பட்டம்தான் கிடைத்தது. ஆனால் கொடுத்தது திருவிதாங்கூர் பல்கலைக்கழகம்.

கோச்சடையிலிருந்து ஒரு மாணவி: டீச்சர், எல்லோர் பின்னணியும் சொன்னீர்கள். உங்களுடையது?

கேட்க வேண்டிய கேள்விதான் கண்ணு. ஒன்பது வயதிலிருந்து பதினோரு வருஷம் மேலமாசி வீதிப் பக்கம் ஒரே வாத்தியாரிடம். அப்புறம் அரசு இசைக் கல்லூரியில் மூன்று வருஷம் இசைக்கலைமணி பட்டயம். பி.ஏ.வும் எம்.ஏ.வும் கல்யாணத்துக்குப் பிறகு தபாலில். வானொலியில் பி-ஹை வரை போனேன், ஏ கிடைக்கவில்லை. பி.எச்டி. பதிவு செய்து, முடிக்கவில்லை.

வாத்தியார் எனக்கு ஸ்வரம் எழுதிக்கொடுத்த நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. ஓரத்தில் எல்லாம் வில்லின் ரோஸின் பொடி ஒட்டி மஞ்சளாகிவிட்டது. முதல் பக்கத்தில் அவர் பெயர் இல்லை, அவருடைய குருவின் பெயர்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வா, காட்டுகிறேன். வயலினையும் எடுத்துக்கொண்டு வா.