பி.காம். மாணவி கேரியர் போர்ட்ஃபோலியோவில் என்னதான் வைப்பது?

கேள்வி: ஈரோடு பக்கம் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் பி.காம். மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். எல்லாரும் கேரியர் போர்ட்ஃபோலியோ தயாரிக்க வேண்டும் என்று துறையில் சொல்லிவிட்டார்கள். டிசைன், கோடிங் படிப்பவர்களுக்குக் காட்ட ஏதாவது இருக்கும். எங்களிடம் சான்றிதழைத் தவிர என்ன இருக்கிறது?

பதில்:

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தின் அக்கவுண்ட்ஸ் பிரிவில் இருக்கிறேன். புதிதாக ஆள் எடுக்கும்போது இன்டர்வியூவில் நானும் உட்காருவேன். மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து பார்ப்பதை வைத்துச் சொல்கிறேன்.

சான்றிதழ் ஃபைலை நாங்கள் ஒரு தடவை புரட்டுவோம், அவ்வளவுதான். நான் முதல்வன் கோர்ஸ், டேலி கணக்கு மென்பொருள், இரண்டு நாள் கருத்தரங்கு என்று வருகிற எல்லாரிடமும் ஏறக்குறைய அதே தாள்கள்தான் இருக்கும். அவை பொய் இல்லை. ஆனால் திங்கட்கிழமை காலையில் ஒரு கட்டு பில்லைக் கையில் கொடுத்தால் இந்தப் பெண் என்ன செய்வாள் என்ற என் கேள்விக்கு அவற்றில் பதில் இல்லை. அந்தப் பதில் உள்ள இரண்டு மூன்று வேலைகளை நீங்களே செய்து வைத்தால் அதுதான் போர்ட்ஃபோலியோ. கணக்குத் துறையில் காட்ட ஒன்றுமில்லை என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

நான் முதலில் தேடுவது ஜி.எஸ்.டி.ஆர்-2பி ஒப்பீடு. சப்ளையர்கள் ஏற்றிய பில்களை வைத்து ஜி.எஸ்.டி. தளம் நமக்குத் தரும் பட்டியல்தான் 2பி. சப்ளையர் போன மாதம் நமக்குப் போட்ட பில்களை இந்த மாதம் 11-ம் தேதிக்குள் ஜி.எஸ்.டி.ஆர்-1 என்ற விற்பனை ரிட்டர்னில் ஏற்ற வேண்டும். 14-ம் தேதி நம்முடைய 2பி வரும். நாம் வரி கட்டும் ரிட்டர்னான 3பி-யைத் தாக்கல் செய்யக் கடைசி நாள் 20. சப்ளையர் ஏற்றாத பில்லுக்கு நமக்கு வரிக் கிரெடிட் கிடைக்காது, அதாவது வாங்கும்போது கொடுத்த வரியை நாம் கட்டும் வரியில் கழித்துக்கொள்ள முடியாது. ஆக, அந்த ஐந்தாறு நாளில் பர்சேஸ் ரிஜிஸ்டரையும் 2பி-யையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது விட்டுப்போனது என்று பார்க்கும் ஆள் எந்தக் கம்பெனிக்கும் வேண்டும்.

இதை வீட்டிலேயே செய்யலாம். கற்பனையாக ஒரு கடை, நாற்பது ஐம்பது பர்சேஸ் பில். இன்னொரு ஷீட்டில் 2பி மாதிரி ஒரு பட்டியல். அதில் நிஜத்தில் நடக்கிற கோளாறுகளை நீங்களே விதையுங்கள்: ஒரு பில் எண் இங்கே 045, அங்கே 45, ஒன்றில் தொகை மாறியிருக்கும், ஒரு பில் அடியோடு காணோம், ஒன்று முந்தைய மாதத்துடையது. எக்செல்லில் வி-லுக்கப் ஃபார்முலா போட்டு ஒப்பிடுங்கள். பிறகு ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள்: எந்த சப்ளையரைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும், எவ்வளவு கிரெடிட்டை இந்த மாதம் எடுக்காமல் வைக்க வேண்டும், ஏன். ஷீட்டை விட அந்தப் பக்கம்தான் எனக்கு முக்கியம். ஃபார்முலா தெரிந்தவர்கள் நிறையப் பேர் வருகிறார்கள். பார்த்ததை நாலு வரியில் மேனேஜருக்குப் புரிய எழுதுகிறவர்கள் குறைவு. 'கம்யூனிகேஷன் ஸ்கில்' என்று ரெஸ்யூமேயில் எழுதுகிறீர்களே, எங்கள் வேலையில் அது இதுதான்.

இதே மாதிரி சப்ளையர் பாக்கிப் பட்டியல் ஒன்று செய்யலாம். குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்கியதற்கு 45 நாளுக்கு மேல் பணத்தை இழுத்தடிக்கக் கூடாது. எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான். மீறினால் பணம் எந்த ஆண்டு கொடுக்கிறோமோ அந்த ஆண்டில்தான் அதை வருமான வரியில் செலவாகக் காட்ட முடியும். திருப்பூரில் நிட்டிங், பிரிண்டிங், தையல் எல்லாமே சின்னச் சின்ன யூனிட்டுகளில் ஜாப் ஒர்க்காக நடப்பதால் கணக்காண்டு முடியும் மார்ச் மாதம் வந்தால் எங்களுக்கு இதே பேச்சுதான். யாருக்கு எத்தனை நாள் ஆகிறது, இந்த வாரம் யாருக்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்று நிறம் போட்டுக் காட்டும் ஒரு ஷீட்டை ஒரு மாணவி கொண்டுவந்தால் நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவேன்.

மேற்படிப்பு, பேங்க், ஃபைனான்ஸ் பக்கம் போக ஆசை இருந்தால் ஆண்டறிக்கை ஒன்றைப் படித்து எழுதுங்கள். பங்குச்சந்தையில் இருக்கும் கம்பெனிகளின் ஆண்டறிக்கை இலவசமாகவே கிடைக்கும். ஹட்சன் அக்ரோவையும் கே.பி.ஆர். மில்லையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று பால், இன்னொன்று பஞ்சு, நூல், துணி. சரக்கு சராசரியாக எத்தனை நாள் கையில் நிற்கிறது என்று இரண்டுக்கும் கணக்குப் போட்டு, ஏன் அந்த வித்தியாசம் என்று யோசியுங்கள். பால் ஒரு நாளில் கெடும், ஆனால் பால்பவுடரும் வெண்ணெயும் அவ்வளவு சீக்கிரம் கெடாது; பஞ்சு சீசனில் வாங்கி வைக்க வேண்டியது. குறிப்புப் பகுதியில் சரக்கைப் பிரித்துக் கொடுத்திருப்பார்கள், அதைத் தேடிப் பாருங்கள். பத்து ரேஷியோவை வரிசையாக எழுதி 'நிறுவனத்தின் நிலை திருப்திகரமாக உள்ளது' என்று முடிக்கும் புராஜெக்ட்டுகளைப் பார்த்துப் பார்த்து எங்களுக்கு அலுத்துவிட்டது.

அப்புறம், நீங்கள் மறைக்கிற ஒரு விஷயம். தீபாவளி சமயத்தில் ஜவுளிக்கடை பில்லிங்கில் நின்றிருப்பீர்கள், அல்லது வீட்டு மளிகைக்கடையின் கடன் நோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். கௌரவக் குறைச்சல் என்று நினைத்து அதை எழுதுவதே இல்லை. இரவு கடை மூடும்போது கல்லாப் பணமும் பில்லும் கார்டும் ஜிபேயும் ஒத்துப்போகிறதா என்று பார்த்த அனுபவம் எனக்கு எந்தக் கருத்தரங்கையும் விடப் பெரியது. என்ன செய்தீர்கள், பணம் குறைந்தால் எப்படித் தேடினீர்கள் என்று அரைப் பக்கம் எழுதி, கடைக்காரரிடம் ஒரு கடிதமும் வாங்கிக்கொள்ளுங்கள். துறை விழாவுக்கு வரவு செலவு பார்த்திருந்தாலும் சரி, அந்தக் கணக்கையே வையுங்கள். 'லீடர்ஷிப்' என்ற தலைப்பு தேவைப்படாது.

ஆடிட்டர் ஆபீஸில் இன்டர்ன்ஷிப் செய்திருந்தால் ஒரு எச்சரிக்கை. அங்கே பார்த்த உண்மையான ஃபைல்களை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கவே கூடாது. பெயரை அழித்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். 15 இலக்க ஜி.எஸ்.டி. எண்ணில் மூன்றிலிருந்து பன்னிரண்டு வரை அந்த வியாபாரியின் பான் எண்தான். இன்னொருவர் கணக்கை என்னிடம் காட்டுகிறவர் நாளைக்கு என் கணக்கை எங்கே காட்டுவார் என்றுதான் எனக்குத் தோன்றும். அதே வேலையைக் கற்பனை எண்களில் செய்து, 'மாதிரித் தரவு' என்று மேலே எழுதிவிடுங்கள். டேலியை லைசென்ஸ் இல்லாமல் இலவசமாகப் பழகும் எஜுகேஷனல் மோடில் பழகியதையும் மறைக்க வேண்டாம். அதில் மாதத்தின் 1, 2, 31 போன்ற தேதிகளில் மட்டும்தான் என்ட்ரி விழும்; பார்த்ததுமே எங்களுக்குத் தெரிந்துவிடும், அதில் தப்பும் இல்லை.

வடிவத்துக்கு ரொம்ப மெனக்கெட வேண்டாம். ஏழெட்டுப் பக்கத்தில் ஒரு பி.டி.எஃப்., எக்செல் ஃபைல்களுக்கு டிரைவ் லிங்க். லிங்க்கை வேறொரு போனில் திறந்து பாருங்கள். அனுமதி கேட்டு நின்றால் யாரும் உங்களுக்காகக் காத்திருக்க மாட்டார்கள். கேன்வாவில் கிடைக்கும் அந்த 'எக்செல் 80%, தமிழ் 95%' பட்டைகளைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். மீதி 20 சதவீத எக்செல் எது என்று ஒருவரிடம் கேட்டேன், அவரும் சிரித்துவிட்டார்.

சாட்ஜிபிடியிடம் கேட்டுச் செய்யலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். ஃபார்முலா கேளுங்கள், ஆங்கிலத்தைத் திருத்திக்கொள்ளுங்கள். ஆனால் எந்த எண்ணிலாவது விரலை வைத்து 'இது எங்கிருந்து வந்தது?' என்று கேட்பதுதான் எங்கள் வழக்கம். அந்த இடத்தில் தடுமாறினால் மீதிப் பக்கங்களும் சேர்ந்து அடிபட்டுப்போகும்.

கல்லூரியில் கேட்கிற ஃபார்மட் வேறாக இருக்கும். வாழ்க்கை லட்சியம், தன்மதிப்பீடு, எல்லாச் சான்றிதழ்களின் நகல் என்று கேட்பார்கள். மார்க் இருக்கிறது, அதையும் அவர்கள் கேட்டபடியே கொடுத்துவிடுங்கள். வேலைக்கு அனுப்புவது தனி ஃபைலாக இருக்கட்டும், அதன் முதல் பக்கத்திலேயே அந்த 2பி வேலை வரட்டும்.