வாசகர் கேள்வி-பதில்: 24,000 ராண்டா, 60,000 ரூபாயா?

கேள்வி: எனக்கு இங்கே தென்னாப்பிரிக்காவில் மாதம் 24,000 ராண்ட் கைக்கு வருகிறது. மொரீஷியஸில் ரோஸ் ஹில்லில் இருக்கும் என் மச்சானுக்கு 60,000 மொரீஷியஸ் ரூபாய். மாற்றிப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். ஆனால் அங்கே போகும்போதெல்லாம் அவர்கள் எங்களைவிட நிம்மதியாக இருப்பது போலத் தெரிகிறது. உண்மையில் யார் சம்பளத்துக்கு மதிப்பு அதிகம்?
– சாட்ஸ்வொர்த் (டர்பன்) வாசகர்

பதில்: ஒரு ராண்டுக்கு இரண்டரை ரூபாய் என்ற உங்கள் கணக்கு பணம் மாற்றும் கவுண்டருக்குச் சரி, வீட்டுச் செலவுக்குச் சரிவராது. ராண்ட் விலை வட்டி, தங்கம், வெளிநாட்டு முதலீடு என்று ஏதேதோ காரணங்களால் ஏறி இறங்கும். உங்கள் வாடகையும் முடிவெட்டும் கூலியும் அதோடு சேர்ந்து ஆடுவதில்லை. அதற்காகத்தான் வாங்கும் சக்திச் சமநிலை என்ற கணக்கு வந்தது. உதாரணத்துக்கு, ஒரே மாதிரிச் சாமான்கள் டர்பனில் 1,000 ராண்ட், மொரீஷியஸின் போர்ட் லூயிஸில் 2,200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அப்போது வீட்டுச் செலவைப் பொறுத்தவரை ஒரு ராண்ட் என்பது 2.20 ரூபாய்தான், மச்சானின் 60,000 உங்கள் 27,000 ராண்டுக்குக் கொஞ்சம் மேலே போய்விடும்.

உலக வங்கி இந்தக் கணக்கைப் பல நாடுகளுக்கும் போடுகிறது, ஆப்பிரிக்காவில் விலை சேகரிப்பை ஒருங்கிணைப்பது ஆப்பிரிக்க வளர்ச்சி வங்கி. 2021ஆம் ஆண்டுக்கான கணக்கு 2024இல் வெளியானது. சிக்கல் எங்கே என்றால், இரண்டு ஊரிலும் ஒரே பொருளை மக்கள் வாங்குவதில்லை. நம் ஊரில் பத்துக் கிலோ மீலி (மக்காச்சோள) மாவு மூட்டை எந்தக் கடையிலும் கிடைக்கும், ஏழை வீட்டுக்கு அதுதான் சோறு; மொரீஷியஸில் அரிசியும் கோதுமை மாவும்தான். போர்ட் லூயிஸ் தெருவில் இரண்டிரண்டாகச் சுருட்டிக் கொடுக்கும், பருப்பு வைத்த டோல் பூரிக்கு டர்பனில் விலை தேடினால் அது உணவக விலையாகத்தான் இருக்கும். அதனால் இரண்டு இடத்திலும் சாதாரணமாக விற்கும் பொருள்களைத் தேடித் தேடிச் சேர்க்க வேண்டியிருக்கிறது.

சரி, உங்கள் இரண்டு வீடுகளுக்கு வருவோம். மளிகையில் நீங்கள்தான் ஜெயிப்பீர்கள் என்று நினைக்கிறேன். மொரீஷியஸ் சாப்பாட்டின் பெரும்பகுதி கப்பலில் வருகிறது, நம் கேப் ஆப்பிள் உட்பட. காரும் அப்படித்தான்: உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் பிராஸ்பெக்டனிலேயே டொயோட்டா தொழிற்சாலை இருக்கிறது, மொரீஷியஸில் ஒவ்வொரு காரும் இறக்குமதி.

ஆனால் மச்சான் வீட்டில் பையிலிருந்து போகாத பணத்தையும் எண்ணுங்கள். அங்கே இடைநிலைக் கல்வி 1977 முதல் இலவசம், அரசுப் பல்கலைக்கழகத்தில் முதல் பட்டம் 2019 முதல் இலவசம், அரசு மருத்துவமனையில் கட்டணமில்லை, 2005 முதல் மாணவர்களுக்கும் முதியவர்களுக்கும் பஸ் பயணமும் இலவசம். முதியோர் ஓய்வூதியம் வருமானம் பார்க்காமல் எல்லோருக்கும் உண்டு, இங்கே வருமானம் பார்த்துத்தான் தருவார்கள். நீங்களோ பள்ளிக் கட்டணம், மெடிக்கல் எய்ட் (தனியார் மருத்துவக் காப்பு), வீட்டுக் காவல் நிறுவனத்துக்கு மாதாமாதம், 2023 மின்வெட்டில் வாங்கியிருந்தால் இன்வெர்ட்டர் என்று எல்லாவற்றையும் அதே 24,000இல் கட்டுகிறீர்கள். குடும்பங்களை ஒப்பிடும்போது அரசு இலவசமாகக் கொடுக்கும் கல்வியையும் மருத்துவத்தையும் சேர்த்த நுகர்வுக் கணக்கைத்தான் பார்க்க வேண்டும், சில்லறை விலையை மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும். படிக்கும் பிள்ளைகளும் வயதான அம்மாவும் உள்ள வீடென்றால் என் கணிப்பில் மச்சான்தான் வசதி. பிள்ளை இல்லாத, கார் வைத்திருக்கும் இளம் தம்பதி என்றால் டர்பன்.

கேள்வி: மொரீஷியஸில் தலைக்கு வருமானம் நம்மைவிட இரண்டு மடங்காமே? அப்படியென்றால் கூலிக்காரரும் இரண்டு மடங்கு வசதியா?
– ஃபீனிக்ஸ் வாசகி

பதில்: வாங்கும் சக்தியில் கணக்கிட்டால் தலைக்கு உற்பத்தி ஏறக்குறைய இரண்டு மடங்கு, அது உண்மைதான். ஆனால் அது சராசரி, நம் நாட்டில் சராசரியை நம்பவே கூடாது. ஏற்றத்தாழ்வை அளக்கும் கினி குறியீடு (எண் கூடக்கூட ஏற்றத்தாழ்வும் அதிகம்) உலக வங்கிக் கணக்கில் நமக்கு 2014இல் 63, மொரீஷியஸுக்கு 2017இல் சுமார் 37. ஆகவே அடிமட்டத்தைத் தனியாகப் பாருங்கம்மா. 2024 மார்ச்சில் இங்கே குறைந்தபட்சக் கூலி மணிக்கு 27.58 ராண்ட், வாரம் 45 மணி நேரம் உழைத்தால் மாதம் சுமார் 5,380. அங்கே 2024 ஜனவரியில் மாதத்துக்கு 16,500 ரூபாய், பழைய இரண்டரைக் கணக்கிலேயே 6,600 ராண்ட். இரண்டு மடங்கு இல்லை, கால்பங்குக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் கூடுதல். அப்புறம் இன்னொன்று, இங்கே வேலை பார்ப்பவர்களும் வேலை தேடுபவர்களுமாகச் சேர்த்து எண்ணினால் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு வேலை இல்லை. அதனால் அந்த 5,380 பல வீடுகளில் தாத்தா, தங்கை, வேலையில்லாத அண்ணன் எல்லோருக்கும் சேர்த்துத்தான். ஒப்பிடுவதென்றால் அதைத் தலைக்கு வகுத்துவிட்டு ஒப்பிடுங்கள்.