டப்பாக் கணக்கு: கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

நான் ரங்கூனில் தாமுவேயில் இருக்கிறேன். பெயர் போட வேண்டாம். மூன்று வருடமாக வீட்டுச் செலவை நோட்டில் எழுதி வந்தேன். பத்திரிகையில் பாமாயிலுக்கு ஒரு விலை போடுகிறார்கள், கடையில் வேறு விலை. விலைவாசி இத்தனை சதவீதம் என்கிறார்கள், என் நோட்டில் அதைப்போல இரண்டு மடங்கு. எல்லாப் புள்ளிவிவரமும் பொய் என்று ஆகிவிட்டது. நோட்டைத் திறந்தாலே வயிறு எரிகிறது, நான்கு மாதமாக எழுதுவதையே விட்டுவிட்டேன். சில பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். மிச்சம் பிடித்ததைத் தங்கமாக வாங்கலாமா? எதை நம்பிக் குடித்தனம் நடத்துவது?

அன்புத் தங்கைக்கு,

தங்கத்தை உன் வீட்டுக்காரரோடு பேசி முடிவு செய். எழுதுவதை விட்டுவிட்டேன் என்கிறாயே, அதற்குத்தான் இந்தப் பதில். போன வாரம் அம்மாவின் பெட்டியைத் திறந்து அவள் கணக்கு நோட்டுகளை வெயிலில் காய வைத்தேன். அந்த நேரத்தில் உன் கடிதம் வந்தது.

அரசு விலை ஒன்று, கடை விலை ஒன்று என்பது நம் ஊருக்குப் பழைய கதை. 2012 ஏப்ரல் வரை டாலருக்கு ஆறு கியாட் சொச்சம் என்றுதான் அரசுக் கணக்கு. அந்த மாதம் அதையே 818 என்று மாற்றினார்கள். 2022 ஆகஸ்டில் 2,100 என்று நிறுத்தினார்கள், வெளியே அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் போனது. பாமாயில் கப்பலில் வரும் சரக்கு. டாலரை என்ன விலைக்கு வாங்கிக் கொடுத்தார்களோ அந்த விலைதான் உன் வாணலிக்கு வரும். 2024 ஜூனில் அரிசியை அரசு விலைக்கு மேல் விற்றார்கள் என்று வியாபாரிகளைப் பிடித்தார்கள். அதனால் உன் வீட்டில் அரிசி மலிந்ததா?

ஆனால் எல்லாம் பொய் என்று ஒரே வார்த்தையில் சொல்லாதே. விலைவாசிச் சதவீதம் என்பது அரிசி, எண்ணெய், வாடகை, துணி, பஸ் கட்டணம் எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டு, எதற்கு எவ்வளவு பங்கு என்று வைத்துக் கணக்கிடுவது. வருமானத்தில் முக்கால்வாசி சாப்பாட்டுக்கே போகிற வீட்டுக்கும், கார் வைத்திருக்கிற வீட்டுக்கும் அதே கூடைதான். நேர்மையாகவே கணக்குப் போட்டாலும் அது உன் அடுப்படியோடு ஒத்துப்போகாது. நம்ப வேண்டாம், சரி. நம்பாதவள் கையில் சொந்தக் கணக்கு இருக்க வேண்டுமா, இல்லையா? அதையும் மூடி வைத்துவிட்டுப் பொய் பொய் என்று சொல்வது வெறும் சோம்பல்.

அப்புறம் உன் நோட்டு. 'எண்ணெய் 2,000' என்று ஜனவரியில் இருக்கிறது. பிப்ரவரியிலும் அதே வரி, மார்ச்சிலும் அதே. அப்படியென்றால் எண்ணெய் விலை ஏறவே இல்லையா? இரண்டாயிரத்துக்குக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறாய், கடைக்காரர் கவரில் ஊற்றிக் கட்டிக் கொடுத்திருக்கிறார். கவருக்குள் எண்ணெய் மாதா மாதம் இறங்கியிருக்கிறது, நோட்டில் மட்டும் அசையாமல் நிற்கிறது. பருப்புக்கும் அளவில்லை, கருவாட்டுக்கும் அளவில்லை. நீ சொல்கிற இரண்டு மடங்கே குறைவான கணக்கு, தங்கச்சி. காசை எழுதியிருக்கிறாய், பொருளை எழுதவில்லை. கால் வீசையா, அரைக்கால் வீசையா என்று எழுது. வீசை நம் சொல். பர்மாவில் சுமார் 1.63 கிலோவுக்கு இன்றும் அந்தப் பெயர்தான். கையில் இருக்கிற அளவை ஏன் விடுகிறாய்?

அம்மா அரிசி வாங்கச் சொந்தமாகப் பால்டப்பா எடுத்துப் போவாள். எட்டுப் பால்டப்பா சேர்ந்தால் பர்மா அளவில் ஒரு பியி. எங்கள் தெருக் கடையில் டப்பாவின் அடியில் மெழுகு ஊற்றி வைத்திருந்தார்கள். அம்மா விரலை விட்டுப் பார்த்துக் கண்டுபிடித்தாள். சண்டை போடவில்லை. மறுநாளிலிருந்து தன் டப்பாவை நீட்டினாள்.

அவள் நோட்டில் நான் அடிக்கடி திருப்பும் பக்கம் 1987 செப்டம்பர் 5, சனிக்கிழமை. அன்று 25, 35, 75 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். மாற்றித் தரவும் இல்லை. 1964-இல் ஐம்பதும் நூறும் செல்லாமல் போனபோது தாத்தா கடையை மூடிவிட்டு மதராஸுக்குக் கப்பல் ஏறினார். டீக்கடையை நம்பி இங்கேயே நின்றவர் அப்பா. பெரியக்கா கல்யாணத்துக்கு அவர் சேர்த்தது தகரப் பெட்டியில் இருந்தது. அந்தப் பக்கத்தில் அம்மா வழக்கம்போல் அரிசி 2 பியி, பருப்பு கால் வீசை என்று எழுதி, விலைக்கு நேரே 'கடன்' என்று போட்டிருக்கிறாள். கீழே 75 நோட்டு 41, 35 நோட்டு 16. கூட்டி 3,635 என்று கோடு இழுத்திருக்கிறாள். செல்லாத காசுக்கு என்னடி கூட்டல் என்று அப்பா கத்தினார். "எவ்வளவு போச்சுன்னு தெரிய வேணாமா?" என்றாள். எனக்குப் பன்னிரண்டு வயது. அப்பா அழுததை அன்றுதான் பார்த்தேன்.

பிறகு 45, 90 என்று நோட்டு வந்தது. ஒன்பதால் வகுபடும் காசு. ஒன்பதாம் வாய்ப்பாட்டை நான் சில்லறை எண்ணித்தான் படித்தேன். அந்தப் பக்கங்களிலும் அவள் அளவு எழுத மறக்கவில்லை. அதனால்தான் அந்த வருடம் ஒரு பியி அரிசி என்ன விலை விற்றது என்று நான் யாரையும் கேட்காமல் சொல்ல முடிகிறது. உன் மகள் இந்த வருடத்தைப் பற்றிக் கேட்டால் 'எண்ணெய் 2,000' என்று காட்டுவாயா?

வயிறு எரிகிறது என்கிறாய். எரியும், எனக்கும் எரிகிறது. விட்ட நான்கு மாதத்தில் நினைவில் இருப்பதை உட்கார்ந்து எழுது. இன்று சாயங்காலம் கடைக்குப் போகும்போது உன் வீட்டு டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு போ. கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

அன்புடன்
அக்கா