பதில்: தாத்தா வைத்திருந்த 1918-ஆம் ஆண்டு வெள்ளி ரூபாய்க் காசு கறுத்துவிட்டது, போலியா?

கறுத்திருப்பதை மட்டும் வைத்துப் போலி என்று முடிவு கட்டாதீர்கள். வெள்ளி கறுக்கத்தான் செய்யும். காற்றில் துளியளவு இருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு பட்டு, வெள்ளி சல்ஃபைடு படலம் படிகிறது. படலம் மெல்லியதாக இருந்தால் மஞ்சள், தடிக்கத் தடிக்கச் சிவப்பு, நீலம், கடைசியில் கறுப்பு. உங்கள் காசின் விளிம்பு கறுத்து நடுவில் நீலம் தெரிவது இதனால்தான். ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருந்ததாக எழுதியிருக்கிறீர்களே, ராஜா தலைக்குக் குறுக்கே ஓடும் கறுப்புக் கோடு அதன் வேலையாகத்தான் இருக்கும். ரப்பரில் கந்தகம் உண்டு.

நீங்கள் கேட்டிருக்கும் இன்னொரு காசு, பச்சை படிந்த 1944-ஆம் ஆண்டு ரூபாய், வேறு கதை. 1918 காசில் வெள்ளி 91.7 சதவீதம். 1944 காசில் பாதிதான் வெள்ளி, மீதியில் பெரும்பங்கு செம்பு. பச்சை வருவது அந்தச் செம்பிலிருந்து. தொட்டால் பிசுபிசுக்கிறதா? அப்படியானால் காசைப் போட்டு வைத்த பி.வி.சி. (ஒருவகை பிளாஸ்டிக்) உறைதான் காரணம். உறையை உடனே மாற்றுங்கள். சுத்தமான அசிட்டோனில் (நெயில் பாலிஷ் ரிமூவர் வேண்டாம்) கொஞ்ச நேரம் ஊறவிட்டு, துடைக்காமல் உலர விடுங்கள். அசிட்டோன் எளிதில் தீப்பற்றும், ஜன்னலைத் திறந்து வையுங்கள், அடுப்புப் பக்கம் போகாதீர்கள்.

பற்பசை, புளி, விபூதி எதுவும் வேண்டாம். தேய்த்தால் கறுப்போடு மேல்பரப்பும் போய்விடும். வாங்குகிறவர் லென்ஸில் பார்த்ததுமே விலையைக் குறைப்பார். அந்த நீலத்துக்கென்றே கூடுதலாகக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள்.

இன்னும் சந்தேகமா? நகைக்கடைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். 11.66 கிராம் இருக்க வேண்டும், தேய்ந்திருந்தால் சற்றுக் குறையும்.