ராஜீவ் காந்தியின் பெரிய தவறு எது? – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஊத்தங்கரையில் நாங்கள் ஏழெட்டு நண்பர்கள் ஞாயிற்றுக்கிழமை மாலையில் கூடி ஏதாவது ஒரு தலைப்பை எடுத்துப் பேசுவது வழக்கம். சென்ற வாரம் ராஜீவ் காந்தியைப் பற்றிப் பேசினோம். வெளியுறவிலும் உள்நாட்டிலும் அவர் செய்த மிகப் பெரிய தவறு எது என்பதுதான் கேள்வி. வெளியுறவு என்றதும் எல்லாரும் இலங்கைக்கு இந்திய ராணுவத்தை அமைதிப்படை என்று அனுப்பியதைச் சொன்னோம். அதில் விவாதமே இல்லை. உள்நாட்டு விஷயத்தில்தான் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டோம். விவாகரத்தான முஸ்லிம் பெண்ணுக்கு ஜீவனாம்சம் தரச் சொன்ன ஷா பானு வழக்கின் தீர்ப்பைச் சட்டம் போட்டு மாற்றியது என்றார் ஒருவர். அயோத்தியில் பாபர் மசூதியின் பூட்டைத் திறக்க விட்டது என்றார் இன்னொருவர். நான் போஃபர்ஸ் பீரங்கி ஊழல் என்றேன். கூட்டத்தில் மூத்தவரான என் பெரியப்பா கோபத்தோடு எழுந்துவிட்டார். "நம்ம மண்ணுக்கு வந்த மனுசனைக் கொன்னுட்டு, அவரோட தப்பை வேற எண்ணிக்கிட்டு இருக்கீங்களா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு யாருக்கும் பேச்சு வரவில்லை. நீங்கள் எதைச் சொல்வீர்கள்? பெரியப்பாவுக்கு என்ன பதில் சொல்வது?

க., ஊத்தங்கரை

அன்புள்ள க.,

பெரியப்பாவின் கோபத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது நியாயமான கோபம். 1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் நடந்தது கொலை. அவரோடு காவலர்களும் கட்சிக்காரர்களுமாகப் பலர் செத்தார்கள். அவர் எடுத்த எந்த முடிவும் அந்தக் கொலைக்கு நியாயம் ஆகாது. இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டு அவருடைய முடிவுகளைப் பேசலாம், பேசியே ஆகவேண்டும். ஒரு பிரதமர் எடுத்த முடிவுகள் அவர் காலத்தோடு முடிந்துபோவதில்லை. அப்படிப்பட்ட ஒரு முடிவு உங்கள் ஊருக்குப் பக்கத்தில், பாம்பாறு அணையை ஒட்டிய இலங்கைத் தமிழர் முகாமில் இன்றைக்கும் நடப்பில் இருக்கிறது. உங்கள் பட்டியலில் அது இல்லை. அதைப் பின்னால் சொல்கிறேன்.

வெளியுறவில் அமைதிப்படைதான் தவறு என்று எல்லாரும் ஒப்புக்கொண்டதாக எழுதியிருக்கிறீர்கள். நான் அங்கேயே கொஞ்சம் மாறுபடுகிறேன். படை போனது ஒரு விளைவு. அதற்கு முந்தைய ஒப்பந்தத்திலேயே தவறு இருந்தது.

1987 மே மாதம் இலங்கை ராணுவம் வடமராட்சியில் பெரிய தாக்குதலைத் தொடங்கியது. யாழ்ப்பாணத்துக்குள் பொருள் போவது ஏற்கெனவே தடைபட்டிருந்தது. ஜூன் 4 அன்று, மிராஜ் போர் விமானங்கள் காவலுக்கு வர, இந்திய விமானப்படை யாழ்ப்பாணத்தின் மேல் பறந்து உணவுப் பொருட்களைப் போட்டது. அதுவரைக்கும் ராஜீவ் செய்ததில் எனக்குக் குறை இல்லை. அதற்குப் பிறகு எட்டே வாரத்தில் எல்லாம் அவசர அவசரமாக நடந்தது. ஜூலை 29 அன்று கொழும்பில் இலங்கை ஜனாதிபதி ஜெயவர்த்தனாவோடு ஒப்பந்தம். மறுநாள் அணிவகுப்பு மரியாதையை ஏற்றுக்கொண்டு நடந்தபோது சிங்களக் கடற்படைச் சிப்பாய் ஒருவன் துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்து அவரை அடித்தான். அந்தப் படத்தை நம் தலைமுறையில் பார்க்காதவர்கள் குறைவு.

அந்த ஒப்பந்தத்தைத் தேடிப் படித்துப் பாருங்கள், சில பக்கங்கள்தான். அதில் இரண்டு பேரின் கையெழுத்துதான் இருக்கிறது: இந்தியப் பிரதமர், இலங்கை ஜனாதிபதி. புலிகள் போடவில்லை, மற்ற இயக்கங்கள் போடவில்லை, தேர்தலில் நின்று ஜெயித்த தமிழர் விடுதலைக் கூட்டணியும் போடவில்லை. பிரபாகரனை டெல்லிக்கு வரவழைத்து அசோகா ஹோட்டலில் தங்கவைத்து ஒப்புக்கொள்ளச் சொன்னார்கள். ஆனால் 72 மணி நேரத்தில் ஆயுதத்தை ஒப்படைக்க வேண்டியவர்கள் அந்த இயக்கத்தினர்தான். கையெழுத்துப் போடாதவர் செய்யவேண்டிய காரியத்துக்கு இந்தியா ஜாமீன் நின்றது. ஜாமீன் போட்டவர் பிறகு வசூலுக்கும் போகவேண்டி வந்தது.

ஒப்பந்தத்தோடு பரிமாறிக்கொண்ட கடிதங்கள் இன்னும் முக்கியம். திருகோணமலைத் துறைமுகத்தை இந்தியாவுக்குப் பாதகமாக எந்த நாட்டு ராணுவத்துக்கும் தரக்கூடாது, அங்குள்ள எண்ணெய்க் கிடங்குகளை இரு நாடுகளும் சேர்ந்து சீர்செய்ய வேண்டும், அந்நிய வானொலி நிலையங்களின் வசதிகள் ராணுவ, உளவு வேலைக்குப் பயன்படக்கூடாது என்று டெல்லி தனக்கு வேண்டியதை எல்லாம் திட்டமாக எழுதி வாங்கிக்கொண்டது. தமிழர்களுக்குக் கிடைத்த வடக்கு–கிழக்கு இணைப்போ தற்காலிகமானது. 1988 முடிவதற்குள் கிழக்கில் வாக்கெடுப்பு நடக்கும், அதையும் ஜனாதிபதி தள்ளிப்போடலாம் என்று எழுதியிருந்தது. 2006ல் இலங்கை உச்ச நீதிமன்றம் அந்த இணைப்பே செல்லாது என்று சொன்னபோது டெல்லியால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். இலங்கை அரசியல் சாசனத்தின் 13வது திருத்தமும் மாகாண சபையும் அந்த ஒப்பந்தத்தால் வந்தவை. தமிழ் அங்கே ஆட்சிமொழி என்று அரசியல் சாசனத்தில் ஏறியதும் அப்போதுதான். இன்றைக்கும் ஈழத்துத் தமிழ்க் கட்சிகள் டெல்லிக்கு வந்தால் அந்தத் திருத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் பேசுகின்றன. அதனால் ராஜீவ் கெட்ட எண்ணத்தோடு போனார் என்று நான் சொல்லமாட்டேன். யாருக்காகப் போனாரோ அவர்களை ஒப்பந்தத்தில் ஒரு தரப்பாக உட்காரவைக்காமல் போனார். எனக்கு அதுதான் பெரிய தவறாகப் படுகிறது.

பத்து வாரத்தில் எல்லாம் குலைந்துவிட்டது. செப்டம்பர் 26 அன்று புலிகள் இயக்கத்தின் திலீபன் உண்ணாவிரதத்தில் இறந்தார். அக்டோபர் 5 அன்று பலாலி ராணுவத் தளத்தில் பிடித்துவைக்கப்பட்டிருந்த புலிகளில் 12 பேர், குமரப்பாவும் புலேந்திரனும் அதில் அடக்கம், சயனைடு தின்று செத்தார்கள். அக்டோபர் 10 முதல் அமைதிப்படை சண்டைப்படை ஆகிவிட்டது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் ஹெலிகாப்டரில் இறக்கிவிடப்பட்ட சீக்கியக் காலாட்படையினர் 30 பேரில் ஒரே ஒருவர்தான் உயிரோடு பிடிபட்டார். அந்த மாதமே, தீபாவளி நாளில், யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் இந்தியப் படை சுட்டதில் நோயாளிகளும் டாக்டர்களும் நர்ஸ்களும் செத்தார்கள். 1990 மார்ச்சில் கடைசிச் சிப்பாய் கப்பலேறியபோது நம் பக்கம் இறந்தவர்கள் ஆயிரத்துக்கும் மேல். இரண்டு பக்கத்து உயிர்களுக்கும் டெல்லியில் இன்றுவரை யாரும் சரியாகக் கணக்குச் சொல்லவில்லை.

சரி, உள்நாட்டுக்கு வருவோம்.

1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 3வது பிரிவு முதலில் மிக எளிமையாக இருந்தது. இந்த மண்ணில் பிறந்தவர் இந்தியக் குடிமகன், அவ்வளவுதான். வெளிநாட்டுத் தூதர்களின் பிள்ளைகள் போன்ற ஓரிரு விலக்கைத் தவிர, அப்பா அம்மா யார், எந்த நாடு, எப்படி வந்தார்கள் என்ற கேள்வி கிடையாது. 1985 ஆகஸ்டில், வங்கதேசத்திலிருந்து வந்தவர்களைப் பற்றிய அசாம் ஒப்பந்தத்தைப் போட்ட ராஜீவ் அரசு, 1986ல் இந்தப் பிரிவைத் திருத்தியது. பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருந்தால்தான் பிள்ளை இந்தியர் என்று ஆனது. அந்தத் திருத்தத்துக்குச் சொன்ன காரணங்களில் வங்கதேசத்தோடு இலங்கையிலிருந்து வருகிறவர்களும் உண்டு. அது நடைமுறைக்கு வந்த நாள் 1987 ஜூலை 1. கொழும்பில் அவர் ஈழத்தமிழருக்காகக் கையெழுத்துப் போட்டதற்கு நான்கு வாரம் முன்பு.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு படகில் வந்தவர்கள், 1990 ஜூனில் மறுபடியும் போர் மூண்டபோது வந்தவர்கள் என்று ஈழத்திலிருந்து தமிழ்நாட்டுக்கு வந்தவர்களை அரசு மாவட்டம் மாவட்டமாகப் பிரித்து முகாம்களில் வைத்தது. நம் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களிலும் பாம்பாறு, நாகாவதி என்று அணைகளின் ஓரத்திலேயே பல முகாம்கள் அமைந்தன. அங்கே பிறந்த பிள்ளைகள் நம் பள்ளிகளில் படித்தவர்கள். பலர் இலங்கையைப் பார்த்ததே இல்லை. அவர்களில் கணிசமானோர் மலையகத் தமிழர் வழி வந்தவர்கள், அதாவது தாத்தாவின் தாத்தா இங்கேயிருந்து தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர். 1986 திருத்தமும் அதை இன்னும் இறுக்கிய பிந்தைய திருத்தமும் வராமல் இருந்திருந்தால் முகாமில் பிறந்த ஒவ்வொரு பிள்ளையும் பிறந்த அன்றே இந்தியர் ஆகியிருக்கும்.

எனக்குத் தெரிந்த ஒரு தம்பி முகாமில் பிறந்தவர், பி.இ. முடித்தவர். ஓசூரில் ஒரு கம்பெனியில் எல்லாச் சுற்றும் தேறி, கடைசியில் அடையாளத் தாளைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இப்போது பெயிண்டிங் வேலைக்குப் போகிறார். முகாம்களில் ஆண்கள் அதிகம் போவது அந்த வேலைக்குத்தான். அவருக்கு அரசு வேலை கிடையாது, பாஸ்போர்ட் கிடையாது, ஓட்டு கிடையாது. முகாமை விட்டு நாலைந்து நாள் வெளியூர் போகவும் சொல்லிவிட்டுப் போகவேண்டும்.

அந்த ஒரு தேதி எவ்வளவு கனமானது என்பதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. மண்டபம் முகாமில் 1986ல் பிறந்த ஒரு பெண், தான் பிறப்பால் இந்தியர் என்று வழக்குப் போட்டார். 2022ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவருக்குப் பாஸ்போர்ட் கொடுக்கச் சொன்னது. 2024 மக்களவைத் தேர்தலில் திருச்சியில் ஓட்டும் போட்டார். 1987 ஜூலை 1க்குப் பிறகு அதே மண்டபத்தில் பிறந்த இன்னொரு பெண்ணுக்கு அந்த வழி அடைபட்டுவிட்டது.

ராஜீவை மட்டும் குற்றம் சொல்லி நிறுத்துவதும் சரியில்லை. 2003ல் வாஜ்பாய் அரசு அதே சட்டத்தை இன்னும் இறுக்கி, சட்டவிரோதமாக வந்தவர் விண்ணப்பம் போட்டுக்கூடக் குடியுரிமை பெற முடியாதபடி செய்தது. உயிருக்குத் தப்பிப் படகில் வந்தவர் எந்த விசாவோடு வருவார்? 2019ல் வந்த திருத்தம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகளைச் சேர்த்து இலங்கையை விட்டுவிட்டது. ஆனாலும் முதல் கதவை மூடியது 1986தான். மக்களவையில் 400க்கும் மேற்பட்ட இடங்களோடு இருந்த அரசு அது. அசாமுக்கு ஒரு விதி எழுதியபோது, தமிழ்நாட்டு முகாம்களில் இருப்பவர்களுக்கு ஒரு விலக்கு எழுத அதற்கு எந்தத் தடையும் இருக்கவில்லை.

உங்கள் நண்பர்கள் சொன்ன இரண்டும் பெரிய தவறுகளே. ஷா பானு தீர்ப்பை மாற்றியது ஒரு பக்கத்துப் பழமைவாதிகளையும், 1986 பிப்ரவரியில் அயோத்தியில் பூட்டு திறந்தது இன்னொரு பக்கத்துப் பழமைவாதிகளையும் குளிரவைக்கச் செய்தவை என்றுதான் நான் நினைக்கிறேன். நாடு அதற்கு இன்னும் விலை கொடுக்கிறது. 1987 காஷ்மீர்த் தேர்தல் முறைகேட்டையும் உங்கள் பட்டியலில் சேர்க்கவேண்டும், அதை யாரும் சொல்லாதது எனக்கு ஆச்சரியம். போஃபர்ஸ் அவர் ஆட்சியைக் கவிழ்த்தது உண்மை. ஆனால் அதனால் யாருடைய வாழ்க்கையும் முகாமில் முடங்கவில்லை. அதனால் அதை நான் கீழேதான் வைப்பேன்.

1991க்குப் பிறகு தமிழ்நாட்டில் நாம் செய்ததையும் சொல்லவேண்டும். கொலையைச் செய்தவர்கள் மேல் இருந்த கோபத்தை முகாம்களில் இருந்தவர்கள் மேல் காட்டினோம். கண்காணிப்பு இறுகியது, மேற்படிப்பில் அவர்களுக்கு இருந்த இடங்கள் போயின, திரும்பிப் போ என்ற நெருக்குதலும் வந்தது. போரை விட்டு ஓடி வந்தவர்களுக்கும் அந்தக் கொலைக்கும் என்ன சம்பந்தம்? முகாம் விஷயத்தைப் பேசினாலே ராஜீவைக் கொன்றவர்களுக்குப் பரிந்து பேசுவதாக ஆகிவிடுமோ என்ற தயக்கம் அன்றைக்குப் பிடித்தது, இன்னும் முழுசாகப் போகவில்லை. 2021ல் தமிழ்நாடு அரசு அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது, புது வீடுகள் கட்டிக்கொடுத்தது. நல்ல காரியம். 2025ல் ஒன்றிய அரசு, 2015 ஜனவரி 9 வரைக்கும் வந்து பதிவு செய்தவர்கள் மேல் பாஸ்போர்ட், விசா இல்லாததற்காக நடவடிக்கை இல்லை என்று விலக்கு கொடுத்தது. அதுவும் நல்லதே. இரண்டும் குடியுரிமை ஆகாது. குடியுரிமைச் சட்டத்தை மாற்ற நாடாளுமன்றத்தால் மட்டுமே முடியும்.

எனவே அடுத்த ஞாயிறு உங்கள் கூட்டத்தில் 3வது பிரிவை அச்செடுத்து வைத்துப் பேசுங்கள். கிருஷ்ணகிரி, தருமபுரி மக்களவைத் தொகுதிகளில் அடுத்து ஓட்டுக் கேட்டு வருகிறவர் எந்தக் கட்சியானாலும் ஒரு கேள்வியை எழுதிக் கொடுத்துப் பதிலையும் எழுதி வாங்குங்கள்: 1987 ஜூலை 1க்குப் பிறகு இந்த முகாம்களில் பிறந்தவர்களுக்குப் பிறப்பால் குடியுரிமை தரும் திருத்தத்துக்கு மக்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவருவீர்களா, மாட்டீர்களா?

அன்புடன்,
தருமபுரியிலிருந்து